மூன்றாவது கை

பார்சல் வந்த அன்று காலைவரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்று சொல்ல வேண்டுமானால் இடது கைப் பெருவிரல் நகம் ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு முன் நசுங்கிக் கறுத்துப்போன அந்த நகம், கீழே புதிதாக ஒன்று முளைத்ததும் தானாகவே கழன்று விழுந்துவிட்டது. இப்போது வலிகூட இல்லை. ஆனால் பார்சல் வந்ததே அந்த நகத்தால்தான்.

அந்தத் தெருவில் ஆறு பட்டறைகள் வரிசையாக இருந்தன. நாலாவது அவள் கணவருடையது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. இஞ்சின் வேலை என்றால் எல்லோருக்கும் மெக்கானிக்கைத் தெரியும். மூன்றாவது கதவு, இரும்பு கடையும் லேத்துக்காரருடையது. இரண்டு பட்டறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகவில்லை. அதனால் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். கேட்டால் லேத்துக்காரர் சும்மா இருக்க மாட்டார், பதில் சொல்லுவார். அவள் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளைத் தங்கச்சி என்றும் அவரை மாப்ள என்றும் கூப்பிடுகிறவர். அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்: மூணாங்கை.

காரணத்தோடு வைத்த பெயர்தான்.

இஞ்சினின் மேல் பாகத்தை ஹெட் என்பார்கள். ரொட்டி வண்டி, பால் வண்டி போன்ற சின்ன வண்டிகளின் ஹெட்டில் எட்டு வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றும் பார்க்கக் காளான் மாதிரி, தட்டையான தலையும் நீண்ட தண்டுமாக இருக்கும். தண்டைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல் ஒரு தொப்பி. தொப்பிக்குள் இரண்டு லாக்கு. ஒரு மோதிரத்தை நடுவில் வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இரண்டு பாதி இரும்புத் துண்டுகள் தண்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கை அமுக்கினால் லாக்கு தளரும். தளர்ந்த அந்த நொடியில் அதை எடுத்துவிட்டால் வால்வு மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் ஸ்பிரிங்கை அமுக்க இரண்டு கையும் உடம்பின் முழு எடையும் வேண்டும். லாக்கை எடுக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் சாப்பாடு கொண்டுபோனபோது கணவர், "இந்தா, ஒரு நிமிஷம் இந்த லாக்க எடு" என்றார். இருபத்திரண்டு வருஷமாகியும் அந்த ஒரு நிமிஷம் முடியவில்லை.

அமுக்குவதற்கு அவரே ஒரு நெம்புகோல் செய்து வைத்திருந்தார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி வளைத்துச் செய்தது. நீண்ட மூக்கும் வளைந்த கழுத்துமாக இருந்ததால் அதற்குக் கொக்கு என்று பெயர். அவர் கொக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி அமுக்குவார். மேசை அவர் உயரத்துக்குச் செய்தது என்பதால் அவள் எதிரில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பாள். விரல்நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி, ஸ்பிரிங்கின் நடுவில் விட்டு, இரண்டு லாக்கையும் ஒற்றி எடுப்பாள். "ஆச்சு" என்பாள். அவர் மூச்சை விடுவார். ஒரு ஹெட்டுக்கு எட்டு தடவை மூச்சு, எட்டு தடவை ஆச்சு. இரண்டு மாதத்துக்கு முன் ஏழாவது மூச்சில் கொக்கு வழுக்கிவிட்டது. நகம் போனது அப்போதுதான்.

வேறு ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்த மகளுக்கு இது போனில் தெரிந்தது. அவள் பணம் சேர்த்தாள். இரண்டு மாதத்தில் பார்சல் வந்தது.

பிரித்தபோது உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பெரிய இரும்பு வளைவு இருந்தது. ஆள் ஒருவர் கை இரண்டையும் வளைத்து எதையோ கட்டிப்பிடிக்கப் போவது போன்ற வடிவம். ஒரு முனையில் சின்ன அடிக்கட்டை, அது வால்வின் தலையில் முட்டி நிற்கும். மறு முனையில் ஒரு கிண்ணம், அது தொப்பியின் மேல் உட்காரும். கிண்ணத்துக்குப் பின்னால் நீளமான திருகாணியும் கைப்பிடியும்.

"வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர்" என்று அட்டையைப் படித்தார் மெக்கானிக்.

"கம்ப்ரஸரா? காத்தடிக்கவா?" என்று சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"ஒம்ம வாய்ல அடிக்க" என்றார் மெக்கானிக், கண்ணை எடுக்காமல்.

மகள் போனில் சொன்னாள். "அப்பா, திருகித் திருகி விட்டுட்டா அது பாட்டுக்கு நிக்கும். கைய எடுத்துரலாம். அமுக்கறதுக்கு ஒருத்தர், எடுக்கறதுக்கு ஒருத்தர்னு வேணாம். ஒரு ஆள் போதும். அம்மா விரல் பத்திரம்."

அவர் மூலையில் கிடந்த ஒரு பழைய ஹெட்டில் போட்டுப் பார்த்தார். திருகினார். ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே போனது. கையை எடுத்தார். அப்படியே நின்றது. அவரே குனிந்து, அவரே லாக்கை எடுத்தார். பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா! ஒரு ஆள் போதும். இனிமே நீ இந்த எண்ணெய்லயும் அழுக்கிலயும் வந்து கஷ்டப்பட வேணாம். வீட்ல நிம்மதியா இரு."

"மூணாங்கைக்கு ரிடையர்மென்ட்டா?" என்றது சுவர்.

அவள் சோப்பை எடுத்துக் கை கழுவினாள். இருபத்திரண்டு வருஷமாகத் தன்னுடையதாக இருந்த இடத்தில் ஒரு திருகாணி வந்து நின்றுகொண்டது. அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். போகச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்று நின்றிருக்கலாம். பாசமாகச் சொன்னதை எப்படி மறுப்பது? அதுவும் மகள் சம்பாதித்து அனுப்பியது. நகத்துக்கு வருத்தப்பட்ட பிள்ளையிடம் போய், எனக்கு நகத்தைவிட அந்த மரப்பெட்டிதான் வேண்டும் என்று சொல்ல முடியுமா?

மறுநாளிலிருந்து அவள் வீட்டில் இருந்தாள்.

வீட்டில் மாமியார் இருந்தார். அந்தச் சமையலறையைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தவர் அவர். மருமகள் பட்டறையிலும் தான் அடுப்பிலுமாக இத்தனை வருஷம் இருவரும் சண்டையில்லாமல் இருந்ததற்குக் காரணமே ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் வராததுதான்.

முதல் நாள் அவள் அலமாரியைத் துடைத்து டப்பாக்களைப் பெரிதிலிருந்து சின்னதுவரை அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய சின்ன அட்டைத் துண்டு ஒட்டினாள்.

"என் உப்பு எங்கடி?"

"வரிசையா வெச்சிருக்கேன் அத்தை. மூணாவது."

"வரிசையா வெச்சா எனக்கு எப்படிக் கெடைக்கும்? அது பாட்டுக்கு அது இருக்கற எடத்துல இருந்துச்சு!"

இரண்டாம் நாள் கரண்டிகளை அடுக்கினாள். மூன்றாம் நாள் அடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்நுனியில் இருந்த கிரீஸ் கறை சோப்புக்கும் போகாமல் ரேகைக்குள் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவ அவளுக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் மெக்கானிக் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார். மறந்தாரா, மாமியார் ஒளித்து வைத்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. பதினோரு மணிக்கு மாமியார் பையை அவள் கையில் திணித்தார்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. உடனே வரணும்னு ஒண்ணும் அவசரமில்ல. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டே வா. என் உப்பை நான் தேடிக்கணும்."

பட்டறை வாசலில் ரொட்டிக்காரரின் வண்டி நின்றது. பேக்கரியிலிருந்து நாற்பது கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வண்டி. அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. மூன்று அடி நடந்து ஒரு அடி நொண்டுவது மாதிரி இருந்தது.

மெக்கானிக் உள்ளே குனிந்திருந்தார். பிளக்கை மாற்றினார். ஒயரை மாற்றினார். நிமிர்ந்தபோது கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூக்கமின்மை தெரிந்தது. அவளைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்றார் ரொட்டிக்காரர். "வால்வு வேலைன்னு மூணு நாளா வண்டி இங்க நிக்குது. நேத்து முடிஞ்சுருச்சுன்னாரு. வந்து பாத்தா முன்னைவிட மோசம். மூணு நாளு பேக்கரி பொறுத்துச்சு. நாளைக்குக் காலையில வண்டி போகலேன்னா வேற ஆளை வெச்சுக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணேன்" என்றார் மெக்கானிக் இஞ்சினிடம். "எட்டையும் கழட்டினேன். எட்டையும் ஒண்ணொண்ணா அரைச்சேன். ரெண்டு நாளு. கை கடுத்துப் போச்சு. கழுவி மாட்டினேன். எங்க தப்புன்னே தெரியல."

அவள் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு வண்டியின் பின்னால் போனாள். புகைக்குழாயின் வாயருகில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தாள். இஞ்சின் சரியாக இருந்தால் புகை அதை ஒரே சீராக வெளியே தள்ளும். இது தள்ளியது, தள்ளியது, பிறகு சட்டென்று உள்ளே இழுத்துக் குழாயோடு ஒட்டவைத்தது. மறுபடி தள்ளியது. வால்வு சரியாக மூடாமல் இஞ்சின் அதன் வழியே மூச்சு வாங்குகிறது.

அவள் உள்ளே வந்து மேசையைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள்.

"அட்டை எங்கங்க?"

"எந்த அட்டை?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

"வால்வு குத்தி வெக்கற அட்டை."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு வால்வும் தன்னுடைய இடத்தோடு சேர்த்து அரைக்கப்படுவது. வால்வின் விளிம்பில் மணல் போலச் சொரசொரக்கும் பேஸ்ட் தடவி, அது உட்காரும் வளையத்தில் வைத்து, குச்சியால் மத்து கடைவது போல உருட்டி உருட்டித் தேய்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று படிந்துபோகும். அதற்குப் பிறகு ஒன்றாம் எண் வால்வு ஒன்றாம் இடத்தில்தான் மூடும். இரண்டாம் இடத்தில் வைத்தால் இடைவெளி விடும். இது மெக்கானிக்குக்குத் தெரியாதது அல்ல. இந்தத் தெருவில் யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவர் அவர். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலை அவர் கைக்கு வந்ததே இல்லை. வால்வு கழன்றதும் அவள் வாங்கிக்கொள்வாள். ஒரு காலணிப் பெட்டியின் மூடியில் எட்டு ஓட்டை போட்டு, பென்சிலால் எண் எழுதி, அதில் குத்தி வைப்பாள். அரைக்கக் கொடுக்கும்போது வரிசைப்படி கொடுப்பாள். கழுவும்போது ஒவ்வொன்றாகக் கழுவி அதே ஓட்டையில் திரும்பக் குத்துவாள். அவர் கை நீட்டும்போதெல்லாம் சரியான வால்வு அந்தக் கைக்கு வந்தது. மூச்சு வருவது மாதிரி வந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

"அரைச்சு முடிச்சு..." என்றார். "எல்லாத்தையும் ஒண்ணா மண்ணெண்ணெய்ல போட்டு..."

"கலக்கிட்டீங்க."

"கலக்கிட்டேன்."

சுவரின் அந்தப் பக்கம் லேத்து நின்றது. லேத்துக்காரர்கூட ஒன்றும் சொல்லவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"கழட்டுங்க" என்றாள் அவள்.

மணி பன்னிரண்டுக்கு ஹெட் மறுபடி மேசைக்கு வந்தது. ரொட்டிக்காரரும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்துவிட்டது. அதை ஒருமுறைக்கு மேல் போட முடியாது. புதிது வேண்டுமென்றால் உதிரிபாகக் கடைக்குப் போக வேண்டும். போய்வர ஒன்றரை மணி நேரம்.

"நான் வாங்கிட்டு வந்து வால்வக் கழட்டறேன்" என்றார் மெக்கானிக். "மறுபடி எட்டையும் அரைக்கணும். ராத்திரி ஆயிரும். பாக்கலாம்." அவர் குரலில் பாக்கலாம் என்பதற்கான தெம்பு இல்லை. ரொட்டிக்காரர் ஏறி வந்த சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரொட்டிக்காரர் டீ குடிக்கப் போனார்.

பட்டறையில் அவளும் ஹெட்டும் இருந்தார்கள். மேசையின் மேல் அந்தக் கறுப்பு வளைவு கிடந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மரப்பெட்டியைக் காலால் அவர் நிற்கும் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். இரண்டு கையாலும் தூக்கினாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

அடிக்கட்டையை முதல் வால்வின் தலையில் முட்டக் கொடுத்தாள். கிண்ணத்தைத் தொப்பியின் மேல் வைத்தாள். திருகினாள். மூன்றாவது சுற்றில் கிண்ணம் கோணலாகச் சரிந்து, டணார் என்று வழுக்கி, கருவி மேசையில் விழுந்தது. அவள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். நகத்தைப் பார்த்தாள். நகம் இருந்தது.

"என்ன தங்கச்சி, பாத்திரம் கழுவறியா?" என்றது சுவர்.

"ஆமாண்ணே. உங்க வீட்டுப் பாத்திரம்" என்றாள்.

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்து உருண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் திருப்பிச் சொன்ன முதல் பதில் அது.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. கிண்ணம் தொப்பியில் சுற்றிலும் ஒரே மாதிரி படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். அரைச் சுற்று திருகினாள். நிறுத்தினாள். மறுபடி பார்த்தாள். இன்னும் அரைச் சுற்று. ஸ்பிரிங் முனகிக்கொண்டே சுருங்கியது. கொக்குக்கு வேண்டியது எடை. இதற்கு வேண்டியது பொறுமை. எடை அவளிடம் ஐம்பது கிலோவுக்கு மேல் எப்போதும் இருந்ததில்லை. பொறுமை என்றால், அது வேண்டிய மட்டும் கிடந்தது.

லாக்கு இரண்டும் தளர்ந்து லேசாகச் சாய்ந்தன. அவள் கையை எடுத்தாள்.

எடுத்த பிறகும் அது அப்படியே நின்றது. தலைக்கு மேல் யாரும் மூச்சடக்கிக்கொண்டு நிற்கவில்லை. சீக்கிரம் எடு, சீக்கிரம் எடு என்று எந்தக் கையும் நடுங்கவில்லை. அவள் விரலில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி, நிதானமாக ஒரு லாக்கை எடுத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். பழக்கத்தில், "ஆச்சு" என்றாள். பதிலுக்கு யாரும் மூச்சு விடவில்லை. அவளே விட்டாள்.

ஒரு ஆள் போதும் என்று மகள் சொன்னாள். அவரும் சொன்னார். அந்த ஒரு ஆள் யார் என்று யாருமே சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று சிரித்தாள்.

எட்டு வால்வும் முப்பது நிமிஷத்தில் வெளியே வந்தன. லாக்குகளை ஒரு டப்பா மூடியில் போட்டு எண்ணினாள். பதினாறு. ரொட்டி வண்டிக்குள் காலி அட்டைப்பெட்டிகள் கிடந்தன. ஒன்றின் மூடியைக் கிழித்து எட்டு ஓட்டை குத்தினாள். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து எண் எழுதி, அதைக் காதில் செருகிக்கொண்டாள். அட்டையிலிருந்து ரொட்டி வாசனை வந்தது.

இனி எந்த வால்வு எந்த ஓட்டைக்கு என்பதுதான் கேள்வி. காற்றை உள்ளே விடும் பெரிய வால்வு நாலு, புகையை வெளியே விடும் சின்ன வால்வு நாலு. பெரியதும் சின்னதும் கலக்க வழியில்லை. நாலுக்குள் நாலைப் பிரித்தால் போதும். ஜன்னலருகே கொண்டுபோய் ஒவ்வொன்றின் விளிம்பையும் பார்த்தாள். அரைத்த தடம் சாம்பல் நிற வளையமாகத் தெரிந்தது.

அவளுக்கு அந்தக் கையைத் தெரியும். வேலையை ஆரம்பிக்கும்போது அவருக்கு ஆவேசம் இருக்கும். முதல் வால்வை ஆசை தீர அரைப்பார். இதோ, அகலமான அடர்ந்த வளையம். இது ஒன்று. இரண்டாவதில் நிதானம் வந்துவிடும். மூன்றாவதுக்கு வரும்போது லேத்துக்காரர் பேச்சுக் கொடுப்பார். விட்டுப் பிடித்து அரைத்ததில் வளையத்துக்குள் இன்னொரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். நாலாவதில் டீ ஞாபகம் வந்துவிடும். வளையம் மெலிந்திருக்கும், ஆனால் குறை சொல்ல முடியாது. பெரிய நாலும் முதல் நாள் வேலை. மறுநாள் சின்ன நாலு. அதிலும் அதே கதைதான் எழுதியிருந்தது.

படித்ததை நம்பி அப்படியே மாட்டிவிடவில்லை. ஒவ்வொரு வால்வின் விளிம்பிலும் பென்சிலால் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, அதன் இடத்தில் வைத்து, அழுத்திக் கால் சுற்று திருப்பி எடுத்துப் பார்த்தாள். எல்லாக் கோடும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் அது அதன் வீடு. ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் மிச்சமிருந்தால் வேறு வீடு. ஆறு வால்வுகள் முதல் முயற்சியிலேயே வீடு சேர்ந்தன. சின்னதில் இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. அன்று லேத்துக்காரர் சீக்கிரமே பேச வந்துவிட்டார் போலிருக்கிறது. மாற்றி வைத்தாள். கோடு அழிந்தது.

மாட்டுவது கழற்றுவதைவிடக் கஷ்டம். லாக்கை எடுப்பதற்குப் பதில் பொருத்த வேண்டும். கிரீஸ்தான் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வால்வை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வெளிச்சம் குறைந்தது. மெக்கானிக் கையில் கேஸ்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

அவர் அட்டையைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். பெட்டியின் மேல் நிற்கும் அவளைப் பார்த்தார். பிறகு மேசைக்கு எதிரில், எப்போதும் அவள் நிற்கும் பக்கத்தில் வந்து நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், அப்புறம் முன்னால் நீட்டினார்.

"லாக்கு எடுத்துத் தரவா?"

"வேணாங்க. ஒரு ஆள் போதும்."

லேத்துக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினார். இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

மெக்கானிக் கேஸ்கெட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைத்தார். "இந்த அட்டைய நான் பாத்ததே இல்லையே" என்றார், யாரிடமோ சொல்வது போல.

"நான் ஒண்ணும் ஒளிச்சு வெக்கல. உங்க கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றார் அவர். அட்டையை விரலால் தொட்டுப் பார்த்து மறுபடியும், "இருந்துச்சு" என்றார்.

எட்டும் மாட்டியானதும் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளின் தலைமேல் மண்ணெண்ணெய் ஊற்றினாள். வால்வு சரியாக மூடியிருந்தால் அது தேங்கி நிற்கும். இல்லையென்றால் பக்கத்துத் துவாரத்தில் கசியும். அவள் நூறுவரை எண்ணினாள். அவரும் எண்ணினார், உதடு அசைவது தெரிந்தது. வால்வுகள் இரண்டிரண்டாக இருந்த நாலு குழியிலும் மண்ணெண்ணெய் அசையாமல் நின்றது. அதில் ஜன்னல் தெரிந்தது.

நாலரை மணிக்கு ரொட்டிக்காரர் சாவியைத் திருகினார். இஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நொண்டல் இல்லை. அவள் புகைக்குழாயில் காகிதத்தைப் பிடிக்கப் போனாள். மெக்கானிக் முந்திக்கொண்டு அதை வாங்கிப் பிடித்தார். காகிதம் ஒரே சீராகப் படபடத்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணி, நாளைக்கு முதல் ரொட்டி உங்களுக்குத்தான்!" ரொட்டிக்காரர் கத்திக்கொண்டே போனார். தெருமுனை திரும்பும்வரை ஹாரனை நிறுத்தவில்லை.

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் மெக்கானிக் எதையோ எடுத்து எதையோ வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"இந்தா... நாளைக்கு வருவியா?"

"எதுக்கு? அதான் ஒரு ஆள் போதுமே."

"போதும். அதான் கேக்கறேன்." அவர் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு தண்ணீர் பம்பின் இஞ்சின் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று வாரமாகக் கிடந்தது. "நீ ஹெட்டப் பாத்தீன்னா நான் அதுல கை வெக்கலாம். இத்தன வருஷம் ரெண்டு பேரும் ஒரே ஹெட்டத்தான் கட்டிப்பிடிச்சுட்டு நின்னோம்."

"அத்தை உப்பு தேடறாங்க. நான் வீட்ல இருந்தா அவங்களுக்குக் கெடைக்காது" என்றாள்.

அது சம்மதம் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஜன்னலுக்குக் கீழே குவிந்திருந்த பழைய இரும்பை வெளியே எறிய ஆரம்பித்தார்.

"மாப்ள, எதுக்குய்யா இந்தச் சத்தம்?" லேத்துக்காரர் இந்தத் தடவை சுவருக்கு மேலிருந்து பேசாமல் நேரிலேயே வந்துவிட்டார். "நான் ஒரு மனுஷன் அந்தப் பக்கம் வேலை பாக்க வேணாமா?"

"இங்க ஒரு மேசை போடணும். அளவெடுக்க டேப் இருந்தா குடும்."

"உன் மேசையே மூணரை அடிக்கு மேல இருக்கு. அதே அளவு போட வேண்டியதுதானே?"

"அது என் உயரம்" என்றார் மெக்கானிக்.

அவள் ஜன்னலடியில் போய் நின்றாள். முழங்கையை மடித்து, ஒரு கருவியைப் பிடித்திருப்பது போலக் கைகளை வைத்துக்கொண்டாள். லேத்துக்காரர் டேப்பின் ஒரு முனையைத் தரையில் மிதித்துக்கொண்டு, மறு முனையை அவள் முழங்கைவரை இழுத்தார்.

"சொல்லு மூணாங்கை, இது போதுமா?"

"ஒரு விரக்கடை கீழ எறக்குங்கண்ணே. அப்புறம் நான் ரெண்டு கையோடதான் வேலை பாக்கப் போறேன். வேற பேரு யோசிங்க."

காதிலிருந்த பென்சிலை எடுத்து, சுவரில் அந்த உயரத்தில் அவளே ஒரு கோடு போட்டாள். மெக்கானிக் மரப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதற்குள் பொறுக்கிய பழைய இரும்பைப் போட ஆரம்பித்திருந்தார்.